எல்ஃப் நூலின் முதல் பக்கத்தில் நான் மறைத்த வரி

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

இந்தத் தாள்களைக் கையில் எடுத்திருக்கும் தங்களை நான் அறியேன். தங்கள் நேரத்தைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ஆயினும் முடிவுவரை பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

என் பெயர் ஆறுமுகம். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஓர் அச்சகத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். கேரி தீவின் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குமேல் வந்த தமிழும் ஆங்கிலமும் என் மேசைக்கு வந்த பிலிம்களைப் படித்துப் படித்து வந்தவை.

சென்ற மாதம், பழைய அச்சகத்தில் இப்போது கணினியில் பக்கம் அமைக்கும் கவிதா என்ற பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு கூடி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மாயலோக விளையாட்டை ஆடுபவள். பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் அச்சகம் வெளியிட்ட ஒரு சிறு நூலின் நகலை என் முன் விரித்தாள்.

“அங்கிள், இது நம்ம பிரஸ்ல அடிச்சதாமே? எல்ஃபுங்க காட்டுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்கன்னு ஒரு ரூல் இருக்கு பாருங்க. வெளிநாட்டு புக் எதுலயும் இல்ல. பெஸ்ட் லா! யாரு அங்கிள் யோசிச்சது?”

“நினைவில்லையம்மா” என்றேன்.

அந்த நூலைக் குறித்து நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யையும் அதனால் விளைந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த தொழில் இப்போது இல்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கேமராவில் எடுத்த எழுத்தும் படமும் பிலிமாக வரும். அடியிலிருந்து வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் அவற்றை இடமறிந்து ஒட்டி, ஒரு முழுப் பக்கமாக்கி அச்சுத் தகடு எடுப்பவரிடம் அனுப்புவோம். எழுத்திருக்கும் இடத்தில் மட்டும் பிலிம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மற்ற இடமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பில் தூசியால் ஊசிமுனைத் துளைகள் விழும். அவற்றை அடைக்க ஒபேக் என்றொரு செங்குழம்பு உண்டு. மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தால் ஒளி அடைபடும். தகட்டில் அந்தப் புள்ளி விழாது. தவறாகப் பட்டுவிட்டால் ஈரப் பஞ்சினால் துடைத்துவிடலாம். நீரில் கரையும் குழம்பு அது. இந்த ஒரு செய்தியைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தொழில் கற்ற மூன்று ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண் எரிந்தது, முதுகு வளைந்தது, கற்றுக்கொண்டேன்.

எங்கள் பிரிவின் மேலாளர் சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க வேலையில் இருந்த குடும்பத்தில், இங்கேயே பிறந்தவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை தவிர வேறு உடையில் அவரை நான் கண்டதில்லை. அவர் பையில் மூன்று பென்சில்கள் இருக்கும்: எழுத்துப் பிழைக்குச் சிவப்பு, படத்துக்கு நீலம், தமக்கே ஐயம் தோன்றும் இடத்துக்குப் பச்சை. ஒருவரையும் அவர் ஏசியதில்லை. முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. மறுப்பதாயின் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்; கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார்; மாட்டிக்கொள்வார்; பிறகு “பார்ப்பம்” என்பார். அதன் பொருள் எங்களுக்குத் தெரியும்.

அவர் நிறுவிய விதி ஒன்றுக்காக நான் அவரை வணங்கியே வந்தேன். தகடு எடுக்கும் முன் பக்கத்தின் மாதிரி ஒன்றை நீல நிறத்தில் எடுத்து வாடிக்கையாளரிடம் கொடுப்போம். அவர் படித்துப் பக்கந்தோறும் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகு எதையும் மாற்ற முடியாது. ஒருமுறை, கோவில் திருவிழா மலரில் தம் பெயரை மற்றவர் பெயருக்கு மேலே ஏற்றும்படி கேட்க ஒரு பெரிய மனிதர், கையெழுத்து விழுந்தபின் காரில் வந்து இறங்கினார். சிவஞானம் ஐயா அவருக்கு நாற்காலி போட்டுத் தேநீர் வரவழைத்துவிட்டுச் சொன்னார்:

“கையெழுத்து விழுந்தாப் பிறகு முருகன் வந்து கேட்டாலும் ஒரு குத்துப் புள்ளியும் அசையாது. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

வந்தவர் குடிக்காமல் போனார். எங்கள் மேசைகளில் அன்று முழுவதும் ஒரு பெருமிதம் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் சான் என்னும் இளைஞர் எங்களிடம் வேலை கொடுக்கத் தொடங்கினார். மாயலோக விளையாட்டு நூல்களை அயல்நாட்டு உரிமம் பெற்று இங்கே அச்சிட்டு விற்பவர். அவ்வாறுதான் எல்ஃபுகள் என் ஒளிமேசைக்கு வந்து சேர்ந்தன. கூர்ந்த காதும், ஆயிரம் ஆண்டு ஆயுளும், நிலவைப் போன்ற முகமும் உடைய வனமக்கள். மரம் அவர்களுக்குத் தாய். ஒரு மரம் வெட்டுண்டால் எங்கோ ஓர் எல்ஃப் நோவால் துடிக்கும். அவர்கள் நடந்தால் புல்லும் மடங்காது. மாதக்கணக்கில் அந்த இலைகளுக்கிடையே ஊசித்துளைகளை நான் அடைத்திருக்கிறேன். காட்டோரத்தில் பிறந்த எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இத்தனை பக்கங்களில் ஓர் எல்ஃபையும் அட்டை கடித்ததாக இல்லை; ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

இதை ஒருநாள் சிரித்துக்கொண்டே சிவஞானம் ஐயாவிடம் சொன்னேன். அவர் அதைச் சானிடம் சொல்லியிருக்கிறார். சானுக்கு அது ஒரு யோசனையாயிற்று. பனிக்காட்டு எல்ஃபுகள் போதும். மழைக்காட்டு எல்ஃபுகளுக்கென்று சொந்தமாக ஒரு சிறு நூல் வெளியிடலாம் என்றார்.

“ஆறுமுகம், உம்மட தீவிலை காடு இருந்ததெல்லே?” என்றார் சிவஞானம் ஐயா. “காட்டுக்குள்ளை ஆக்கள் எப்பிடிப் புழங்கினவை எண்டு தமிழிலை எழுதித் தாரும். இங்கிலீசுக்கு நான் மாத்திறன்.”

நான் காட்டின் ஓரத்தைத்தான் கண்டவன், உள்ளே போனவனல்லன். போனவர் ஒருவரை அறிவேன். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நான்கு வீடு தள்ளியிருந்த அஞ்சலை அக்கா, ஒப்பந்தக்காரரின் காடுவெட்டுக் கூட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். செம்பனை நடுவதற்காகத் தீவில் எஞ்சியிருந்த காட்டை அழித்த கூட்டம் அது. கணவர் இறந்தபின் பண்டமாரானில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கிள்ளான் போய், பேருந்து மாறி அவரைத் தேடிச் சென்றேன்.

எல்ஃப் பெண்ணொருத்தியின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாரு தம்பி இது, நடிகையா? காது ஏன் இப்படிக் கெடக்கு?”

“காட்டுல வாழறவங்க அக்கா. கதையில வர்றவங்க.”

“முடிய விரிச்சிப் போட்டுக்கிட்டா? இந்தத் துணியோட போனா பிரம்பு முள்ளு பத்தடியில உருவிடும். காட்டுக்குள்ள போறவ மாதிரியா இருக்கா? கல்யாணத்துக்குப் போறவ மாதிரில்ல இருக்கா!”

“ஆயிரம் வருஷம் உயிரோட இருப்பாங்களாம்.”

“ஆயிரமா!” என்று வாயைப் பொத்திச் சிரித்தார். “அப்ப அவளுக்கு ஐசி என்ன கலரு?”

நானும் சிரித்தேன். பிறகுதான் அது வெறும் கேலியல்ல என்று புரிந்தது. அக்காவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரப்படுவது. குழந்தையாகக் கப்பலில் வந்தவர், காகிதம் இல்லை. நீல அட்டைக்கு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். இத்தனை ஆண்டுகள் இங்கே உழைத்ததற்கு ஏதேனும் எழுத்துச் சான்று கொண்டுவரும்படி பதிவு அலுவலக முகப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தக் கூட்டத்து ஆட்களின் பெயர் தோட்டத்துப் பதிவில் ஏறுவதில்லை. ஒப்பந்தக்காரர் எப்போதோ இறந்துவிட்டார். அழித்த காடு மட்டுமே அக்காவின் சான்று. அது இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

அன்றும் அடுத்த மூன்று ஞாயிறுகளும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காட்டுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அழைத்தால் வேறொன்று அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டு திரும்ப அழைக்குமாம். பாரங் கத்தியின் முதுகால் மரத்தைத் தட்டுவார்கள். இரண்டு தட்டினால் வா. மூன்று தட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு. பெரிய மரமாயிருந்தால் அதன்மேல் மாலையில் கோடாரியைச் சாய்த்துவிட்டு வருவார்கள்; காலையில் கோடாரி விழுந்து கிடந்தால் அந்த மரத்தைத் தொடமாட்டார்கள். குரங்கைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தவனுக்கு அன்று சோறு கிடையாது.

“இவ்வளவு பயந்துகிட்டே எப்படி அக்கா வெட்டுனீங்க?”

“வெட்டுறவனுக்குத்தான் தம்பி மரம் தெரியும். எந்தப் பக்கம் சாயும், எங்க பொந்து, எது அழுவும், எல்லாம் தெரியும். தூர நின்னு பார்க்கிறவனுக்கு அது வெறும் பச்சை லா.”

நான்காம் ஞாயிறு, நான் கிளம்பும்போது கேட்டார்.

“தம்பி, நான் சொன்னதெல்லாம் புஸ்தகமா வரும்னா, சொன்னது நான்தான்னு அதுல போடுவாங்களா?”

“போடலாமே.”

“எத்தன வருசம், எந்த எடத்துலன்னும்?”

“முதல் பக்கத்துலயே போட்டுடலாம் அக்கா.”

“அச்சடிச்ச புஸ்தகத்துல இருந்தா ஆபீசுல ஒத்துக்குவாங்கல்ல?”

“ஒத்துக்குவாங்க” என்றேன்.

எழுத்தறியாத அவருக்கு அச்சின்மேல் அந்த நம்பிக்கை இருந்தது இயல்பு. அச்சிலுள்ள துளைகளை அடைத்தே வயிறு வளர்த்த எனக்கும் இருந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவருடைய சிவப்பு அட்டையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்தபடியே பெயரை எழுதிக்கொண்டேன். இந்நூலில் கூறப்படும் வன ஒழுக்கங்களை உரைத்தவர், கேரி தீவில் பத்தொன்பது ஆண்டுகள் காடு வெட்டிய, முனியன் மகள் அஞ்சலை அவர்கள் என்று ஒரு வரி அமைத்தேன். சிவஞானம் ஐயா அதை ஆங்கிலமாக்கினார். என் வரியைவிட அவருடையது அழகாக இருந்தது. பச்சைப் பென்சிலால் அதன்மேல் ஒரு கோடும் விழவில்லை.

நூல் உருவாயிற்று. அக்காவும் அவர் கூட்டமும் எல்ஃபுகள் ஆனார்கள். பாரங் கத்தி வெள்ளி வாளாயிற்று; கோடாரி சாய்க்கும் வழக்கம், மரத்திடம் எல்ஃப் முதியோர் வரம் கேட்கும் சடங்காயிற்று. பெயர் சொல்லாமை விளையாட்டு விதியாயிற்று: காட்டுக்குள் இருக்கும்போது ஓர் ஆட்டக்காரர் மற்றவரின் பாத்திரப் பெயரை உச்சரித்தால் ஒரு முறை பகடையை இழப்பார். எனக்கு அதில் மனக்குறை இல்லை. கதை என்றால் உடை மாற்றத்தான் செய்யும். முதல் பக்கத்தில் உண்மை இருக்கிறதே என்று எண்ணினேன்.

நீல மாதிரி சென்றது. சான் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு அனுப்பினார். முதல் பக்கத்திலும், அந்த வரிக்கு நேர்கீழே, இட்டிருந்தார். அந்த வாரத்தில்தான் சிவஞானம் ஐயா என்னைத் தனியே அழைத்து, “இன்னும் ஒண்டரை வருசத்திலை நான் பென்சனிலை போயிடுவன். எனக்குப் பிறகு இந்த மேசைக்கு உம்மைத்தான் சொல்லப்போறன்” என்றார். அன்று நான் பிரிக்பீல்ட்ஸ் வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் முற்பகல் சான் நேரில் வந்தார். நூலைத் தம் ஆட்டக்கார நண்பர்களிடம் காட்டியிருக்கிறார். அவர்கள் முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தார்களாம்.

“கேனாட் லா, மிஸ்டர் சிவா” என்றார். எல்ஃப் என்றால் காட்டின் காவலன். மரம் வெட்டுகிறவனே எல்ஃபின் எதிரி. எல்ஃபுகளின் அறத்தை ஒரு மரம்வெட்டும் ஆன்டி சொல்லிக்கொடுத்தார் என்று முதல் பக்கத்திலேயே போட்டால் யார் நம்புவார்கள்? மாயமே போய்விடும். தீய எண்ணத்தோடு அவர் பேசவில்லை. விளையாட்டின்மேல் கொண்ட காதலால்தான் பேசினார்.

சிவஞானம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். நான் ‘பார்ப்பம்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“அது நியாயம்தான்” என்றார். என் பக்கம் திரும்பி, “ஆறுமுகம், அந்த ஒரு வரியை மறைச்சு விடும்” என்றார்.

“சார், கையெழுத்து ஆயிடுச்சு.”

“ஓம். அது கூட்டிறதுக்குச் சொன்ன விதி. எடுக்கிறதுக்கு இல்லை.”

கோவில் பெரிய மனிதர் வந்த நாளில் அந்த விதிக்கு இப்படியொரு வாசல் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. என்னிடம் அந்த நீலத்தாள் இருந்தது. சானின் கையெழுத்து அதில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்து, இது தங்கள் விதி ஐயா என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த வரி எதற்காக வேண்டியிருக்கிறது என்பதையாவது சொல்லியிருக்கலாம். சிவப்பு அட்டையைப் பற்றி அவர்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவனே. நான் என் மேசைக்குப் போய்த் தூரிகையை எடுத்தேன்.

மூன்று இழுப்பு. ஒரு வரியை மறைக்க அவ்வளவே போதும்.

தகடு எடுப்பவர் இரண்டு மணிக்கு வந்து பிலிம்களை எடுத்துச் செல்வார். நான் மறைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஈரப் பஞ்சு என் வலக்கையருகே கிண்ணத்தில் இருந்தது. செங்குழம்பின் அடியில் அந்த வரி ஓர் எழுத்தும் சேதமின்றி உயிரோடு இருந்தது. ஒருமுறை துடைத்தால் போதும். பக்கம் அச்சாகி, நூலாகித் தைத்தபின் யார் என்ன செய்ய முடியும்? ஏசியிருப்பார்கள், அந்த மேசை எனக்குக் கிடைத்திருக்காது. அதற்குமேல் ஒன்றும் நேர்ந்திருக்காது.

எதிரே தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடைக்குச் சாப்பிடப் போனேன். தட்டை அப்படியே வைத்திருந்ததைக் கண்ட கடைக்காரர், “என்னண்ணே, மீனு பழசுன்னு நெனச்சிட்டீங்களா? கடல்லேருந்து நேரா ஒங்க தட்டுக்கு வந்ததுண்ணே” என்றார். சிரித்துவிட்டு முழுவதையும் சாப்பிட்டேன். இரண்டு மணி அடித்தபின்தான் திரும்பினேன். மேசை காலியாக இருந்தது.

ஐயா, அம்மையீர், இதுவரை நான் செய்தது கோழைத்தனம். இனி எழுதப்போவதற்கு அதைவிடக் கடுமையான பெயர் வேண்டும்.

நூல் வெளிவந்ததும் ஒரு பிரதியோடு பண்டமாரானுக்குச் சென்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சென்றேன். அக்கா அன்று தனியாக இருந்தார். நூலைக் கண்டதும் உள்ளே போய்ச் சவுக்காரம் போட்டுக் கைகழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் வாங்கினார். அட்டையிலிருந்த எல்ஃப் பெண்ணைப் பார்த்து, “வந்துட்டியாடி, நீள காது!” என்றார். முதல் பக்கத்தை விரித்தார்.

“எங்க தம்பி?”

அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்நூலின் எந்தப் பகுதியையும் முன்னனுமதியின்றி எவரும் எடுத்தாளலாகாது என்பது அதன் பொருள். நான் அதன்மேல் விரலை வைத்து, “இங்க அக்கா” என்றேன்.

அவர் தம் விரலை அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னுமாக நகர்த்தினார்.

“இவ்வளவு நீளமா இருக்கே! எல்லாம் என்னப் பத்தியா?”

“ஆமா.”

“வர்ற புதன்கெழம கூப்பிட்டிருக்காங்க. ஆபீசர் தேடிக்கிட்டு இருக்க வேணாம். பென்சில்ல ஒரு கோடு போட்டுக் குடு.”

போட்டேன். நேராகப் போட்டேன். தொழில் கற்ற கை.

அடுத்த வாரம், தேநீர் இடைவேளையில், வாசலில் யாரோ அம்மா வந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னார். அக்காவின் மருமகன் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு அதிலேயே அமர்ந்திருந்தார். அக்கா வெயிலில் நின்றிருந்தார்.

“ஆபீசுல இருந்த பொண்ணு நல்ல பொண்ணு தம்பி” என்று தொடங்கினார். “மலாய்க்காரப் பொண்ணு. நீ கோடு போட்ட எடத்த மூணு வாட்டி படிச்சா. அப்புறம் எனக்காக முழுப் புஸ்தகத்தையும் பொரட்டிப் பார்த்தா. ‘மக்சிக், நாமா தா அடா’ன்னா. பேரு இல்லயாம்.”

நான் லோரியின் பக்கம் பார்த்தேன்.

“நான் சண்ட போட்டேன் தம்பி. நல்லாப் பாரு, படிச்சவன் தொட்டுக் காட்டுனான், அவனே கோடு போட்டான்னு சத்தம் போட்டேன். பின்னால நின்னவங்க எல்லாம் பார்த்தாங்க. மருமவன் தலையக் குனிஞ்சிக்கிட்டான். எனக்காக லீவு போட்டுட்டு வந்தவன்.”

“அக்கா, அவங்க எடுக்கச் சொல்லிட்டாங்க…”

“எடுக்கச் சொன்னா எடுத்துட்டுப் போ. பேரு இல்லாம பத்தொம்பது வருசம் வேல செஞ்சவ நான். இல்லன்னு சொல்லியிருந்தா செத்தா போயிருப்பேன்? இருக்குன்னு ஏன் தம்பி சொன்ன?”

அந்த வேளையில் சிவஞானம் ஐயா வாசலைக் கடந்தார். “ஆர் இவ?” என்று கேட்டார்.

“எங்க தீவு அக்கா சார்.”

“வாங்கோ அம்மா” என்று தலை தாழ்த்தினார். “வெயிலுக்கை நிக்கவையாதையும், ஆறுமுகம். தேத்தண்ணி குடுத்து அனுப்பும்.” அவருடைய மரியாதையில் குறையே இல்லை.

அக்கா தேநீருக்கு நிற்கவில்லை. காவலாளியின் மேசைமேல் நூலை வைத்தார். “இந்த நீள காதுக்காரிய நீயே வச்சிக்க” என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறிக்கொண்டார். அதன்பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. நான் பண்டமாரான் பக்கம் போனதுமில்லை.

அந்த ஒரு வரி இருந்திருந்தால் நீல அட்டை கிடைத்திருக்குமா என்று தாங்கள் கேட்கலாம். பெரும்பாலும் கிடைத்திருக்காது. விளையாட்டு நூலொன்றை எந்த அலுவலகம் சான்றாகக் கொள்ளும்? இந்த வாதத்தை நான் பல ஆண்டுகள் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது ஒருநாளும் எனக்குத் துணை நின்றதில்லை. அவர் அன்று முகப்பில் எல்லோர்முன்னும் குரலுயர்த்தியது அந்த வரிக்காக அன்று. நான் தொட்டுக் காட்டிய விரலை நம்பியதற்காக.

சிவஞானம் ஐயா சொன்னபடியே ஓய்வு பெற்றார். சொன்னபடியே அந்த மேசை எனக்கு வந்தது. எல்ஃப் நூல் நன்றாக விற்றது. மறுபதிப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் பழைய பிலிம்களை எடுத்துத் துளை பார்ப்பது எங்கள் வழக்கம். மூன்றாம் பதிப்பின்போது முதல் பக்கத்துப் பிலிம் என் கண்ணாடிமேல் கிடந்தது. அடியில் விளக்கு எரிந்தது. என் மூன்று இழுப்புகளும் வெடித்துச் சுருங்கி, அவற்றின் விளிம்பில் ஒரு சில எழுத்துகளின் முனைகள் ஒளிர்ந்தன. என்மேல் அதிகாரி யாருமில்லை. விதியை உரைக்கவும் விதிக்கு வாசல் திறக்கவும் நானே உரியவன். ஈரப் பஞ்சும் இருந்தது.

நான் தூரிகையை எடுத்து, வெடித்த இடங்களில் மறுபடி பூசினேன்.

முதல் முறை பயத்தால் செய்தேன். இம்முறை பயமில்லை. அந்த வரி வெளிவந்தால், முன்பு அது ஏன் இல்லை என்ற கேள்வியும் உடன் வரும். அந்தக் கேள்வி வராமலிருக்கவே பூசினேன். சிவஞானம் ஐயாவைப் பற்றிக் கசப்போடு நினைக்கும்போதெல்லாம் இந்த மூன்றாம் பதிப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர்மேல் கோபம் கொள்ளும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன்.

பின்னர் கணினிகள் வந்தன. ஒளிமேசைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பிலிம்களை, அவற்றிலிருந்த வெள்ளிக்காக, பழைய பொருள் வாங்குபவர் மூட்டையாகக் கட்டிச் சென்றார். அந்த முதல் பக்கமும் அதற்குள் போயிருக்கும். அஞ்சலை அக்கா அதற்கு முந்திய ஆண்டே, சிவப்பு அட்டையோடு, பண்டமாரானில் காலமானார். அவருடைய மகளைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் தற்செயலாகக் கண்டபோது தெரிந்துகொண்டேன். என் முகம் மறந்துபோயிருந்த அந்தப் பெண் நான் யாரென்று கேட்டாள். பழைய ஊர்க்காரன் என்று மட்டும் சொன்னேன்.

கவிதாவும் அவள் நண்பர்களும் இந்தச் சனிக்கிழமையும் ஆடுவார்கள். காட்டுக்குள் நுழைந்ததும் பெயர்களை விழுங்கிக்கொண்டு, மேசையை இரண்டு முறை தட்டி ஒருவரையொருவர் அழைப்பார்கள். தொன்மையான எல்ஃப் மரபு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. இதன் ஒரு நகலை அவளிடமும் கொடுக்கப்போகிறேன். அதன்பின் அவள் என்னை அங்கிள் என்று அழைக்காவிட்டால் அதுவும் முறையே.

அந்நூலிலுள்ள மழைக்காட்டு எல்ஃபுகளின் ஒழுக்கங்கள் அனைத்தும் முனியன் மகள் அஞ்சலை சொன்னவை. அவர் குழந்தையாய் இந்நாட்டுக்கு வந்து, கேரி தீவில் பத்தொன்பது ஆண்டுகள் காடு வெட்டி, பண்டமாரானில் இறந்தார். அவர் வாயிலிருந்து கேட்டு எழுதியவன் நான். அவர் பெயரை மறைத்தவனும் நானே.

அவருக்கு இனி இது எந்த முகப்பிலும் பயன்படாது. இருந்தாலும், இதை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

பணிவுடன்,
ஆறுமுகம்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்